வரப்பில் நட்ட குழாய்

அத்தியாயம் 7

"இன்னும் கொஞ்சம் டீ வேணுமான்னு கேளு உன் பொண்ணை" என்றார் அப்பா.

"டீ வேணுமாடி?" என்றாள் அம்மா.

"வேண்டாம்னு சொல்லும்மா அவர்கிட்ட."

"வேண்டாமாம்."

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் அகலம் இரண்டரை அடி. அந்த இரண்டரை அடியைத் தாண்ட முடியாமல் பதினோரு நாட்களாக இரண்டு பேர் அம்மாவின் வாய் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா பாவம். அடுப்பையும் பார்த்துக்கொண்டு இந்தத் தூது வேலையையும் பார்த்துக்கொண்டு, இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

போன அத்தியாயத்தில் கூட்டத்தில் நடந்ததைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு மூத்த பெண் வேளாண்மைத் துறையில் கள அலுவலர். பதினேழு வயதில் படிக்கக் கிளம்பி, விடுதி விடுதியாக இருந்து, வேலை கிடைத்து, அங்கே இங்கே என்று சுற்றி, முப்பத்து நாலு வயதில் எட்டு மாதத்துக்கு முன்புதான் சொந்த இடத்துக்கே மாற்றலாகி வந்திருக்கிறாள். ஸ்கூட்டரின் பின்னால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டிக்கொண்டு வயல் வயலாகப் போவதால் எல்லோருக்கும் அவள் குழாயம்மா. அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதையே ஜனங்கள் மறந்துவிட்டார்கள்.

அவள் தூக்கிக்கொண்டு அலைகிற விஷயம் இதுதான். நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால், அடியில் இருக்கும் சேற்றிலிருந்து மீத்தேன் என்றொரு வாயு கிளம்பி வானத்தைச் சூடாக்குகிறது. நடுநடுவே வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் வாயு குறையும், தண்ணீரும் மிஞ்சும். அப்படிச் செய்ய ஒப்புக்கொள்ளும் வாய்க்காலுக்கு அரசாங்கம் தலையிலிருந்து கடைசி வரை சிமெண்டு பூசித் தரும். மழை ஏமாற்றினால் பயிருக்குக் காப்பீடும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை, அந்த வாய்க்காலில் பாயும் இருபத்திரண்டு வயல்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் ஒருவருக்கும் கிடையாது.

போன வருடம் மழை கைவிட்டதில் இரண்டு குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குப் பிழைக்கப் போய்விட்டன. இந்த வருடமும் அப்படி ஆனால் இன்னும் எத்தனை பூட்டு தொங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இருபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இருபத்திரண்டாவது ஆள் மேஜைக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பதினோரு நாட்களுக்கு முன்பு நடந்த கூட்டத்தில் குழாயம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எங்க அப்பாவையே எடுத்துக்குங்க. தண்ணி நின்னாதான் வயல்னு நினைக்கிற பிடிவாதக்காரர். இவரை மாதிரி ஒருத்தர் இருந்தாப் போதும், இந்த வாய்க்கால் உருப்படவே உருப்படாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். ஜனங்கள் சிரித்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து, தன் நாற்காலியை மடித்துச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, போய்விட்டார்.

கையெழுத்துக்குக் கடைசி நாள் இன்று. மாலை நான்கு மணிக்கு அதிகாரிகள் வந்து படிவங்களை வாங்கிக்கொள்வார்கள்.

"அம்மா, இந்த ஃபாரத்தை அவர்கிட்ட குடு."

அம்மா வாங்கி அப்பாவின் பக்கம் நகர்த்தினாள். அப்பா அதை அப்படியே திரும்ப நகர்த்தினார்.

"கையெழுத்துப் போட முடியாதுன்னு சொல்லு."

"முடியாதாம்."

"இன்னிக்கு சாயங்காலத்தோட முடிஞ்சுது, அவரால இருபத்தொரு குடும்பத்து வாயில மண்ணு விழப்போகுதுன்னு சொல்லும்மா!"

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பாத்திரத்தை மேஜையில் ஓங்கி வைத்தாள்.

"நான் என்ன தபாலாபீஸா? முத்திரையைக் குத்தி இங்கேருந்து அங்கே, அங்கேருந்து இங்கேன்னு? எனக்குன்னு ஒரு வாய் இருக்கறதே ரெண்டு பேருக்கும் மறந்து போச்சு!"

அப்பா எழுந்து கை கழுவினார். மண்வெட்டியை எடுத்து சைக்கிளில் கட்டினார். உள்ளே திரும்பி வந்து, அலமாரி மேலிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வயலுக்குப் போகிற மனிதருக்குக் கண்ணாடி எதற்கு என்று குழாயம்மா யோசித்திருக்க வேண்டும். அவள் இருந்த எரிச்சலில் அதெல்லாம் தோன்றவில்லை.

*

அதிகாரிகள் வருவதற்கு முன்னால் குழாய்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காலை ஒன்பது மணிக்கே ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

குழாயில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஓர் அடி நீளம், சுற்றிலும் ஓட்டை. பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி வயலில் நட வேண்டும். உள்ளே எட்டிப் பார்த்தால் மண்ணுக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். குழாயில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கும் வரை வயலைக் காயவிடலாம், இறங்கியதும் பாய்ச்ச வேண்டும். இதை அவள் எட்டு மாதத்தில் முந்நூறு முறையாவது சொல்லியிருப்பாள்.

ஆறாவது வயல் டீக்கடைக்காரருடையது. அவர் குழாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாட்டிலிலிருந்து அதற்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

"காலியா இருந்துச்சும்மா. பெரிய அதிகாரிங்க வர்ற நேரத்துல காலிக் குழாயைக் காட்டினா நல்லாவா இருக்கும்?"

"காலியா இருக்கணும்ண்ணே. காலியாகறதைப் பார்க்கத்தான் குழாயே."

"காலியா இருக்கறதைப் பார்க்க எதுக்கும்மா குழாய்? நான் சும்மாவே பார்ப்பேனே."

அவள் கண்ணை மூடி ஐந்து வரை எண்ணினாள். பிறகு முந்நூற்று ஒன்றாவது முறையாக எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். டீக்கடைக்காரர் மிகவும் மரியாதையாகத் தலையை ஆட்டிக் கேட்டார். அவள் வரப்பேறித் திரும்பியபோது பாட்டிலில் மிச்சமிருந்ததையும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

முதல் வயல், தலைமடை, மாமாவுடையது. அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. முழங்கை நீளத்தில் பாதி இருக்கும் அந்த இரும்புச் சாவியை இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட்டுக்கொண்டுதான் கல்யாண வீட்டுக்கும் போவார், துக்க வீட்டுக்கும் போவார். மதகு மாமா என்று சொன்னால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். குழாயம்மாவின் படிவத்தில் முதல் கையெழுத்து அவருடையதுதான். போட்டபோது "என் மருமக கேட்டு நான் இல்லைன்னு சொல்வேனா?" என்று சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

அவர் வயலில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்று பளபளத்தது. குழாயைக் காணவில்லை.

"மாமா, குழாய் எங்க?"

"இதோ இருக்கே!"

வரப்பின் மேல், நல்ல மேடான இடமாகப் பார்த்து, குழாயை நட்டிருந்தார். மேல் வாயில் பாலிதீன் காகிதம் போட்டு ரப்பர் பேண்டால் கட்டியும் வைத்திருந்தார்.

"வயலுக்குள்ள நடச் சொன்னேனே மாமா!"

"உள்ள நட்டா சேறாயிடும்ல? அரசாங்கத்துச் சொத்து. நாம பத்திரமா வெச்சுக்கணும்." ரப்பர் பேண்டைக் கழற்றிப் பெருமையாகக் காட்டினார். "உள்ள பாரு. சொட்டுத் தண்ணி இல்ல."

"வயல்ல இவ்வளவு நிக்குதே! காயவிடணும்னு சொன்னேன்ல?"

"அதான் குழாய் காயுதே."

குழாயம்மா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதுகலைப் பட்டம், மூன்று பயிற்சி முகாம், எட்டு மாத அலைச்சல், எல்லாம் சேர்ந்து பாலிதீன் மூடி போட்ட ஒரு குழாயில் வந்து நின்றிருந்தது.

"உங்க அப்பா போட்டாரா?" என்றார் மாமா.

"இல்ல மாமா."

"தெரியும். அந்த மனுஷன் எப்பவுமே அப்படித்தான். எதையும் வாயைத் திறந்து சொல்லவும் மாட்டாரு, ஊரோட ஒத்துப் போகவும் மாட்டாரு. நான் வேணும்னா வந்து பேசிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம் மாமா. நானே போறேன்."

குழாயைப் பிடுங்கிக்கொண்டு முழங்கால் அளவு சேற்றில் இறங்கித் தானே நட்டாள். மாமா வரப்பில் நின்றபடி கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். சாவி அவர் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது.

*

கடைசி வயல் வரை ஸ்கூட்டர் போகாது. பத்தாவது வயலோடு நிறுத்திவிட்டு வாய்க்கால் கரையோடு நடந்தாள். கூடவே வந்த தண்ணீர் போகப் போக இளைத்தது. பதினைந்தாவது வயலில் பாதம் நனையும் அளவுக்கு இருந்தது. பத்தொன்பதில் வெறும் ஈரம். இருபத்திரண்டில் காய்ந்த இலைகளும் ஒரு பழைய செருப்பும் கிடந்தன.

எட்டு மாதத்தில் அவள் இந்த வயலுக்கு ஒருமுறைகூட வரவில்லை. ஊரார் வயலெல்லாம் முடியட்டும், சொந்த வயல்தானே, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

அப்பா மர நிழலில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நாலாக மடித்த காகிதம் ஒன்று. முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்த படிவ நகல்தான் அது. மற்ற இருபத்தொரு நகல்களும் எங்கே போயின என்று கேட்டால் பாதியாவது டீக்கடையில் பொட்டலமாகியிருக்கும். இந்த நகலில் பென்சிலால் கோடுகள் போட்டிருந்தன.

ஒரு சங்கடம் இருந்தது. நடுவில் அம்மா இல்லை.

"யாரோ வந்திருக்காங்க போல" என்றார் அப்பா, மண்வெட்டியிடம்.

"நாலு மணிக்கு அதிகாரிங்க வராங்க" என்றாள் அவள், மரத்திடம்.

"வரட்டும்."

"ஒரு கையெழுத்து. அஞ்சு எழுத்து. அதைப் போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

மண்வெட்டி பதில் சொல்லவில்லை. அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. காலையிலிருந்து பாட்டில் தண்ணீர், பாலிதீன் மூடி, சேறு, வெயில் எல்லாம் சேர்ந்து வெடித்தது.

"ஏம்ப்பா? ஏன் போட மாட்டேங்கறீங்க? ஏன்னாவது சொல்லித் தொலைங்களேன்!"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அவளை நேராகப் பார்த்தார்.

"பதினோரு நாளாச்சு, இந்தக் கேள்வி வர்றதுக்கு. போடுங்க போடுங்கன்னு நூறு தடவை ஆள் விட்ட. ஏன் போடலைன்னு ஒரு தடவை கேட்டியா?"

அப்பா மடியிலிருந்த காகிதத்தை அவளிடம் நீட்டினார்.

"நாலாவது பிரிவைப் படி."

"எனக்குத் தெரியும்ப்பா அது."

"தெரிஞ்சா நல்லது. வாய்விட்டுப் படி."

காகிதத்தை வாங்கிப் படித்தாள். "இத்திட்டத்தில் சேரும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளிலும் எனது வயலில் பயிர்க்காலம் முழுவதும் இடைவிடாது நீர் தேக்கிச் சாகுபடி செய்து வந்தேன் என உறுதி கூறுகிறேன்."

குரல் கடைசி வார்த்தைக்கு வருவதற்குள் தேய்ந்துவிட்டது. எதிரே வயல் கிடந்தது. பயிருக்கு இடையில் மண் பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. அவள் குனிந்து ஒரு வெடிப்பில் கையை விட்டாள். மணிக்கட்டு வரை போயிற்று.

திட்டத்தில் அந்த வரி ஏன் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இதுவரை தண்ணீர் நின்று வாயு கிளம்பிய வயலில்தான் இனிமேல் அது குறைந்தது என்று காட்ட முடியும். முதலிலிருந்தே காய்ந்து கிடக்கும் வயலில் எதைக் குறைப்பது? எட்டு மாதமாக மீத்தேன் பற்றியும் குழாய் பற்றியும் பேசினாளே ஒழிய, ஜனங்கள் எதன் கீழே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று ஒரு வீட்டிலும் படித்துக் காட்டவில்லை. அவளே அதை மேலோட்டமாகத்தான் புரட்டியிருந்தாள்.

"அஞ்சு வருஷம் என்ன, பதினாலு வருஷமா இந்த வயல்ல நாலு நாள் சேர்ந்தாப்ல தண்ணி நின்னதில்ல" என்றார் அப்பா. "மதகைப் புதுசா மாத்தினாங்க. சாவி உங்க மாமா கைக்குப் போச்சு. அதிலேருந்து அவர் வயல் நிறைஞ்சு, அவருக்கு வேண்டியவங்க வயல் நிறைஞ்சு, மிச்சம் இருந்தா எனக்கு. காயப்போட்டுப் பாய்ச்சறதுன்னு கூட்டம் போட்டுக் கத்துக் குடுத்தியே, அதை நான் பதினாலு வருஷமாப் பண்ணிட்டிருக்கேன். உங்க மாமா புண்ணியத்துல."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"ஒரு தடவை வீட்டுல பேச்செடுத்தேன். உங்க அம்மா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. அண்ணன் அப்படிப் பண்ண மாட்டார்னு ஒரே வார்த்தை. அதோட விட்டுட்டேன்." காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தார். "ஆனா இதுல கையெழுத்துப் போட்டா, அவர் எனக்கு ஒழுங்காத் தண்ணி விட்டாருன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. சும்மா இருன்னா இருப்பேன். பொய் சொல்லுன்னா முடியாது."

குழாயம்மாவுக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது. அப்பா ஒருவர் மட்டுமா? பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, கடைமடையில் இன்னும் மூன்று வயல்கள் இருக்கின்றன. அவை காய்ந்து கிடந்ததை, தான் சொன்னபடி காயவிடுகிறார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள். இருபத்தொன்று தையல்கார அக்காவுடையது. தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமல், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். பின்னால் யாராவது மண்ணைச் சோதித்துப் பார்த்தால், பொய் உறுதிமொழி கொடுத்தவள் என்று அவள் பெயரைத்தான் எல்லாத் திட்டத்திலிருந்தும் அடிப்பார்கள்.

அடுத்த நொடியே கோபம் அப்பாவின் பக்கம் திரும்பியது.

"பதினோரு நாள் முன்னாடியே இதைச் சொல்லியிருக்கக் கூடாதாப்பா? வீட்டுலதானே இருந்தேன்!"

"நீதான் என்னைப் பிடிவாதக்காரன்னு ஊரைக் கூட்டிச் சொன்ன. பிடிவாதக்காரன் எப்படிம்மா வலிய வந்து பேசுவான்?"

இந்த மனிதரை என்னதான் செய்வது? அவளுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

"அந்தக் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கமும்..." என்று அப்பா ஆரம்பித்தபோது அவளுடைய கைப்பேசி அலறியது. மதிப்பீட்டு அதிகாரி. இன்னும் இரண்டு வாய்க்கால் பாக்கி இருப்பதால் மூன்று மணிக்கே வந்துவிடுவாராம். எல்லாம் தயாராக இருக்க வேண்டுமாம்.

*

விதைக் கிடங்கின் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. மதிப்பீட்டு அதிகாரி உட்காராமலேயே நின்றார். மடிக்கணினிப் பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

"இருபத்திரண்டும் இருக்கா மேடம்?"

"இருக்கு சார், இருக்கு" என்று குழாயம்மாவுக்கு முன்னால் மதகு மாமா பதில் சொன்னார். "அதோ, எங்க வீட்டு மாப்பிள்ளையும் வந்துட்டாரு பாருங்க!"

அப்பா பின் வரிசையில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அம்மா. அவள் இந்த மாதிரிக் கூட்டத்துக்கெல்லாம் வருகிறவள் இல்லை. "நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கறீங்கன்னு பார்க்கத்தான் வந்தேன்" என்று யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

குழாயம்மா கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். காலையில் ஒட்டிய சேறு காலில் காய்ந்து வெடித்திருந்தது.

"சார், அரை மணி நேரம் வேணும். இதை நான் இவங்களுக்குப் படிச்சுக் காட்டல. இப்போ காட்டணும்."

"இப்பவா? எட்டு மாசமா என்ன மேடம் பண்ணீங்க?"

"குழாய் நட்டேன் சார்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"பதினோரு நாள் முன்னாடி இதே இடத்துல நின்னு எங்க அப்பாவைப் பிடிவாதக்காரர்னு சொன்னேன். நீங்கல்லாம் சிரிச்சீங்க. இந்தக் காகிதத்தை முழுசாப் படிச்சது இந்தக் கூடத்துலயே அவர் ஒருத்தர்தான். நான் படிக்கல. தப்பு என் மேல."

அப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை.

அவள் படிக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு பிரிவையும் படித்துவிட்டு, சாதாரணப் பேச்சில் ஒருமுறை சொன்னாள். முதல்முறையாக ஜனங்கள் தலையை ஆட்டாமல் கேட்டார்கள். நாலாவது பிரிவை முடித்ததும் தையல்கார அக்கா எழுந்து நின்றாள்.

"இரும்மா. என் வயல்ல எப்போ தண்ணி நின்னுச்சு? இதுக்கா நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

"ஆமாக்கா. நான்தான் போட வெச்சேன்."

"அட, பேப்பர்ல ஆயிரம் எழுதுவாங்க" என்றார் மாமா. "யார் வந்து பார்க்கப் போறாங்க? போட்டதைப் போட்டதா விடும்மா. ஒரு வரிக்காகச் சிமெண்டு வாய்க்காலைத் தூக்கிப் போடறதா?"

"அதானே!" என்று முன் வரிசையில் பல குரல்கள் எழுந்தன. கடைமடைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பின் வரிசையில் ஒரு குரலும் எழவில்லை.

"கடைமடை நாலு வயல்காரங்களும் உள்ளதை உள்ளபடி தனியா எழுதிக் குடுப்பாங்க சார்" என்றாள் குழாயம்மா. "அதைச் சேர்த்து வாங்கிக்கங்க."

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "அதுக்கெல்லாம் எங்க ஃபாரத்துல இடமே இல்லையே மேடம். மேல கேக்கணும். பத்து நாளாகும். ஒத்துக்குவாங்களான்னும் தெரியாது. அதுவரைக்கும் உங்க வாய்க்காலை நிறுத்திதான் வெக்கணும்."

கூடம் கொதித்தது. டீக்கடைக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்றே கத்தினார். எட்டு மாதம் அலைந்து சேர்த்த அத்தனையும் தன் கையாலேயே சரிந்து விழுவதைக் குழாயம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கத்தறதை அப்புறம் கத்தலாம்" என்றாள் தையல்கார அக்கா. எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். "மிச்சத்தையும் படிக்கட்டும். இன்னும் எதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கோம்னு தெரிய வேண்டாமா?"

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. சத்தம் அடங்கியது. குழாயம்மா ஐந்திலிருந்து எட்டு வரை படித்தாள். விலாசம் மாறினால் தெரிவிக்க வேண்டும், பெயரில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ள வேண்டும், அந்த மாதிரிச் சமாசாரங்கள். மாமா கொட்டாவி விட்டார்.

காகிதத்தைத் திருப்பினாள். ஒன்பதாவது பிரிவைக் குரலுக்கு முன்னால் அவள் கண் படித்துவிட்டது, குரல் நின்றது.

ஒப்பந்தக் காலமான மூன்று ஆண்டுகளும் மதகின் சாவியும், மதகைத் திறந்து மூடும் பொறுப்பும், வாய்க்காலின் கடைசி வயலுக்கு உரியவரிடம் இருக்கும். கடைசி வயல் வரை தண்ணீர் போய்ச் சேருவதற்கு இதுவே உத்தரவாதம்.

கடைசி வயல் அப்பாவுடையது. பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படித்தவர் இதையும் படித்திருக்கிறார். ஒரு பொய்க்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் பதினாலு வருடமாக வராத தண்ணீரின் சாவி அவர் இடுப்புக்கே வந்திருக்கும். அது தெரிந்தும் போடவில்லை. அந்தச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற மாமாவோ படிக்காமலேயே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இதோ முன் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவள் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அப்பா மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம், படிக்காதே. கண் பக்கத்து நாற்காலிப் பக்கம் ஒருமுறை போய் வந்தது. அம்மாவுக்கு முன்னால் வேண்டாம்.

"என்னம்மா, முடிஞ்சுதா?" என்றார் மாமா. அவர் கை வழக்கம்போல் சாவியை உருட்டிக்கொண்டிருந்தது.

அம்மா பக்கத்திலிருந்த அப்பாவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். பதினோரு நாட்களாக அடுத்தவர் பேச்சைச் சுமந்துகொண்டிருந்த அந்த வாய், அன்று தன் பேச்சைப் பேசியது.

"அவரை எதுக்குப் பார்க்கற? ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தது அண்ணனை நம்பின்னு இவர் இன்னும் நினைச்சிட்டிருக்கார். அண்ணன் பண்றது எனக்கு அன்னிக்கே தெரியும்." முன் வரிசைப் பக்கம் கையை நீட்டினாள். "நிறுத்தாம படி. எங்க அண்ணனும் கேக்கட்டும்."